வலிக்கு ஒரு படம்

என் மகளின் தலைக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. என்னைத் தவிர எங்களைச் சுற்றி இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

செம்பூரில் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்காரருக்கு அவள் தலைவலி கண்ணாடி போடாத குறை. மாட்டுங்காவில் இருக்கும் என் சித்திக்கு அது செல்போன். முலுண்டிலிருந்து எப்போதாவது வந்து போகும் என் தம்பிக்கு அது காலையில் சாப்பிடாமல் ரயிலுக்கு ஓடுவதால் வரும் பித்தம். தாராவியில் இருக்கும் என் கணவரின் அக்காவுக்கு, நான் மதினி என்று கூப்பிடுகிறவருக்கு, அது தலையில் கோர்த்துக்கொண்ட நீர். குளித்துவிட்டுச் சரியாகத் துவட்டாததால் உள்ளே இறங்கிய நீர், வெளியேற வழி தெரியாமல் வலியாக நிற்கிறதாம். இந்த ஊரில் மழை நான்கு மாதம் பெய்கிறது. மதினி பேசுவதைக் கேட்டால் அவ்வளவும் என் மகளின் தலையில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தோன்றும்.

நான் பள்ளியில் கணக்குச் சொல்லித்தருகிறவள். குளிக்கிற தண்ணீர் மண்டைக்குள் போகாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? சுக்கை அரைத்து நெற்றியில் பற்றுப் போட்டது, ஆவி பிடிக்கவைத்தது, தலைக்குக் குளித்த வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணிப் புகையில் கூந்தலை உலர்த்தியது எல்லாம் எங்கள் வீட்டில்தான் நடந்தன. புகைதான் அவளுக்கு முதல் எதிரி என்று நாங்கள் புரிந்துகொள்ளச் சில வருடங்கள் பிடித்தன.

அவளுக்கு இருப்பது நாள்பட்ட மைக்ரேன். மாதத்தில் பாதி நாட்களுக்கு மேல் தலை வலிக்கும். சில நாட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போய்விடலாம். சில நாட்கள் வெளிச்சம் ஆகாது, குக்கர் விசில் ஆகாது, எந்த வாசனையும் ஆகாது. என் கணவருக்குத் தாராவியில் தோல் பைக் கடை. பைகளை ஒட்டுகிற சொல்யூஷன் வாடை அவர் சட்டையிலேயே தங்கிவிடும். அதனால் கடையை அடைத்ததும் அக்கா வீட்டில் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் செம்பூருக்கு வருகிறார். அப்படியும் மகளின் அறைக்குள் நுழையாமல் வாசலில் நின்று, "எப்படிம்மா இருக்கு?" என்பார்.

"பரவால்லப்பா."

அந்தப் பரவாயில்லையை நாங்கள் எல்லாரும் நம்பினோம்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, ஆசிரியர் அறையில் இருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது. குர்லா ஸ்டேஷனில் நிற்கிறாள் என்பது பின்னால் கேட்ட அறிவிப்பிலிருந்து தெரிந்தது. "அம்மா" என்றாள். அடுத்து "கதவு" என்றாள். "கதவு மஞ்சளா, போட்டுட்டு, எடுக்க வரல" என்றாள். நான் ஏதோ கேட்டேன். அவள் பதில் சொல்ல முயல்வது கேட்டது. வந்த சொற்கள் எல்லாம் நல்ல சொற்கள், எதுவும் எதோடும் சேரவில்லை. பிறகு யாரோ ஒரு பெண் போனை வாங்கி, "ஆன்ட்டி, உங்க பொண்ணுக்கு கை மரத்துப்போச்சாம், ஜல்தி வாங்க" என்று ஹிந்தியில் சொன்னாள்.

பக்கவாதம் என்றுதான் நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்? ஆட்டோவில் போன அந்தத் தூரம் எனக்கு இன்றைக்கும் நினைவில்லை. நினைவிருப்பது பிளாட்பாரத்துப் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்த விதம். வலது கையை மடியில் வைத்து, அது வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் பேச்சு திரும்பிவிட்டது. ஸ்கேன் எடுத்தார்கள். மைக்ரேனிலேயே சிலருக்கு இப்படியும் வரும், பயப்பட ஒன்றுமில்லை, எல்லாம் நார்மல் என்றார் டாக்டர். நான் அந்த ஸ்கேன் அறையின் வாசலில் நின்று அழுதேன். நார்மல் என்ற சொல் அவ்வளவு இனிப்பாக இருந்தது. அதையே வெறுக்க எனக்கு அதிக காலம் ஆகவில்லை. போன் அடித்தால் மட்டும் இன்னும் நெஞ்சு ஒரு முறை நின்றுதான் ஓடுகிறது. கேஸ் சிலிண்டர்காரன் கூப்பிட்டாலும் அப்படித்தான்.

வெறுத்ததற்குக் காரணம் அவளுடைய ஆபீஸ். பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்சில் ஒரு கம்பெனியில் வேலை. சேர்ந்து வருடம் முடியவில்லை, புரொபேஷனில் இருக்கிறாள். ஸ்டேஷனில் அப்படி ஆனதற்குப் பிறகு அவள் கொண்டுபோய்க் கொடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்து மேனேஜர் சொன்னாராம்: "இதில் எல்லாம் நார்மல் என்றுதானே போட்டிருக்கிறது? நல்ல செய்தி." நல்ல செய்திதான். அடுத்த மாதம் அவள் லீவு கேட்டபோது அந்த நல்ல செய்தியை அவர் மறக்கவில்லை. புரொபேஷன் முடியும்போது உன் லீவுகளைப் பற்றி உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும் என்று மெயில் போட்டிருந்தார். இந்த வேலை அவளுக்குப் பிடித்த வேலை. வலியைத் தவிர அவளிடம் வேறு ஏதாவது இருக்கிறது என்று அவளே நம்ப அந்த வேலை வேண்டியிருந்தது. அதைக் கெஞ்சிக் காப்பாற்ற முடியாது, காட்டித்தான் காப்பாற்ற முடியும் என்று நான் முடிவு செய்தேன். எனக்கு ஒரு படம் வேண்டும். இங்கே பார், இதுதான் வலி என்று மேஜையில் போடுகிற மாதிரி ஒரு படம்.

அவளைப் பார்க்கும் நரம்பியல் டாக்டரிடம் நான் இதைப் பல தடவை கேட்டிருக்க வேண்டும், ஒருநாள் அவர் சலித்துப்போய், "இங்கே ஒரு ஆராய்ச்சி நடக்கிறது, வேண்டுமானால் போய்க் கேளுங்கள்" என்று ஒரு இளம் பெண் டாக்டரிடம் அனுப்பினார். மராத்திப் பெண். என் மகளைவிடச் சில வயதுதான் கூட இருக்கும். அவர் ஹிந்தியில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"ஆன்ட்டி, சாதாரண ஸ்கேன் தண்டவாளம் உடைந்திருக்கிறதா என்று பார்க்கும். இவளுக்குத் தண்டவாளம் உடையவில்லை. நாங்கள் பார்ப்பது வண்டி எப்படி ஓடுகிறது என்று. மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும். லோக்கல் ரயிலின் ஹார்பர் லைன், சென்ட்ரல் லைன், வெஸ்டர்ன் லைன் மாதிரி தனித்தனிக் கூட்டணிகள். ஒரு ஆள் சும்மா படுத்திருக்கும்போது எது எதோடு பேசுகிறது என்று மிஷின் எடுக்கும். நாள்பட்ட மைக்ரேன் இருக்கிறவர்களில், வலியைக் கவனிக்கிற பகுதிகளுக்கும் ஓய்வில் வேலை செய்கிற பகுதிகளுக்கும் நடுவில் அந்தப் போக்குவரத்து மற்றவர்களுக்கு இருப்பதுபோல் இல்லை. சில இடத்தில் கூடுதல், சில இடத்தில் குறைவு."

"அதனால்தான் வலிக்கிறதா?"

"அதனால் வலியா, வலியால் அப்படி ஆனதா என்று இன்னும் தெரியாது."

இந்த ஊரில் கல்யாணத்தைக்கூட ரயிலை வைத்துத்தான் விளக்குவார்கள். நான் பொறுமையாகக் கேட்டேன். அவர் கம்ப்யூட்டரில் ஒரு மூளை சுழன்றது. ஆரஞ்சும் நீலமுமாகப் புள்ளிகள், புள்ளிகளுக்கு நடுவே கோடுகள். இதுதான், இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஒப்புதல் தாள்களை ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். படித்துக் கையெழுத்துப் போட்டாள். ஒரு வியாழக்கிழமை நேரம் கொடுத்தார்கள். தலைவலி இல்லாத நாளாக இருக்க வேண்டும், உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது என்றார்கள்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவள் தன் அப்பாவோடு தாராவிக்குப் போனாள். திரும்பி வந்தபோது வலது மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி.

மூக்குக் குத்தினால் தலைநோவு இறங்கும் என்பது மதினியின் பக்கத்தில் வெகு நாளாக இருக்கும் நம்பிக்கை. நடந்ததை என் கணவர் அப்புறம் சொன்னார். ஆசாரி கடையில் வைத்து மதினிக்கு ஒரு சிக்கல் வந்ததாம். வலி இருக்கிற பக்கத்தில்தான் குத்த வேண்டும். இவளுக்கோ வலி பக்கம் மாறி மாறி வரும். "ஏட்டி, இன்னிக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டிருக்கிறார். இன்றைக்கு வலியே இல்லை என்று இவள் சொல்ல, "அப்போ பொதுவா வலப்பக்கமே குத்திருங்க" என்று ஆசாரியிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"நீங்க பாத்துக்கிட்டா இருந்தீங்க?" என்றேன் கணவரிடம்.

"அக்கா ஆசையா செய்யுதா. மூக்குதானே, என்ன இப்போ."

அது உலோகம் என்பது எங்கள் யாருக்கும் அப்போது தோன்றவில்லை. வியாழக்கிழமை என்ன என்பது தெரிந்தது. ஸ்கேன் அறை ஊழியர் அவளைப் பார்த்ததும் மூக்கைக் காட்டி, அதைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்றார். புதிதாகக் குத்திய மூக்கில் ஆசாரி திருகாணியை இறுக்கி வைத்துத்தான் அனுப்புவார். புண் ஆறும்வரை யாரும் கை வைப்பதில்லை. கழற்றுவதும் ஆசாரிதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அவளைப் பெண்கள் கழிவறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். சோப்பு நுரையைப் போட்டுப் பார்த்தேன். வெளியே வரிசையில் இருந்த ஒரு அம்மாள் தேங்காய் எண்ணெய் கொடுத்தார், அதைப் போட்டுப் பார்த்தேன். திருகாணி சுற்றியது, கழலவில்லை. தலைக்கு மேல் டியூப் லைட் துடித்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். மூக்கின் ஓரத்தில் ஒரு பொட்டு ரத்தம் வந்தது. பிறகு அவள் என் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டு, வாஷ் பேசினில் குனிந்து வாந்தி எடுத்தாள்.

அந்த இளம் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனி இன்று முடியாது என்றார். வேறு தேதி தருவதாகவும் அதற்குச் சில வாரங்கள் ஆகலாம் என்றும் சொன்னார். மேனேஜர் பேசப்போகும் நாளுக்கும் சில வாரங்கள்தான் இருந்தன.

டாக்சியில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். துப்பட்டாவை முகத்தில் போட்டிருந்தாள். சயானைத் தாண்டும்போது துப்பட்டாவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அத்தை குத்துறாங்க. நீ கழட்டுற. மூக்கு என்னோடது."

நான் அன்றைக்கு அதைக் கேட்டுக்கொள்ளும் நிலையில் இல்லை. எனக்குக் கோபம் முழுவதும் தாராவியின் மேல் இருந்தது. அடுத்த நாள் பள்ளி விட்டதும் நேராகப் போனேன். மதினி வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாளா. டீ குடிக்கியா?"

"டீயெல்லாம் வேண்டாம். எதுக்கு மதினி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம மூக்குக் குத்துனீங்க? ஸ்கேன் போச்சு."

"மூக்குத்திக்கும் அதுக்கும் என்ன?"

"உலோகம் இருந்தா அந்த மிஷினுக்குள்ள விடமாட்டாங்க."

"தங்கத்த காந்தம் இழுக்குமாளா? பி.எஸ்சி படிச்சவதான நீ."

இழுக்காது. எனக்கு எரிச்சல் தலைக்கேறியதற்கு அதுவும் ஒரு காரணம். திருகாணியில் என்ன கலப்பு இருக்கிறதோ, அந்த மிஷினுக்குள் எது எப்படிச் சூடாகுமோ என்று நான் விளக்கப் பார்த்தேன். அவர் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ புள்ளைய ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இழுத்துக்கிட்டு அலையுத. எவனாவது ஒருத்தன் சரியாயிரும்னு சொன்னானா? நான் சொன்னேம்லா."

"நீங்க சொன்னா ஆயிருமா?"

"ஆயிட்டே. குத்துன பெறகு வலியே இல்லத்தைன்னு அவளே போன்ல சொன்னா. போன வருசம் பத்துப் போட்டப்பவும் கேட்டுச்சுன்னு சொன்னா. உனக்குத்தான் எதைச் செஞ்சாலும் நம்பிக்கை கிடையாது."

நான் நாட்களை எண்ணிப் பார்த்தேன். குத்தியது ஞாயிற்றுக்கிழமை. திங்களன்றும் புதனன்றும் அவள் இருட்டறையில் படுத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அவள் படுக்கையில் சாய்ந்து, திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தைகிட்ட வலி போயிடுச்சுன்னு சொன்னியா?"

"ம்."

"போச்சா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் சொன்ன?"

"தினம் மூணு தடவை போன் பண்றாங்கம்மா. இருக்குன்னு சொன்னா புதுசா ஒண்ணு கொண்டுவருவாங்க. போச்சுன்னு சொன்னா ஒரு தடவையோட வெச்சிடுவாங்க."

"அப்பாகிட்ட?"

"அப்பா பாவம். வாசல்லயே நிக்கிறாரு."

"என்கிட்ட?"

அவள் லேப்டாப்பை மூடினாள். "உன்கிட்ட கொஞ்சம் கம்மி பண்ணிச் சொல்லுவேன். முழுசா சொன்னா உன் மூஞ்சி ஒரு மாதிரி போகுது. அதைப் பாத்தா எனக்கு இன்னும் ஜாஸ்தி ஆகுது."

எனக்கு வந்தது வருத்தம் என்று எழுதினால் அழகாக இருக்கும். வந்தது எரிச்சல்தான். சுக்கு, ஆவி, தைலம், டாக்டர் மாற்றிக் கொடுத்த மாத்திரை எல்லாவற்றுக்கும் "இப்போ பரவால்ல" என்று இவள் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். ஒவ்வொருவரும் தங்கள் வைத்தியம் பலித்ததாக நம்பி அதை இன்னும் கொஞ்சம் செய்திருக்கிறோம். எது உண்மையில் உதவியது, எது உதவவில்லை என்று இனி யாரால் சொல்ல முடியும்? கணக்கில் ஒரு வரி தப்பினால் திரும்பிப் போய்த் திருத்தலாம். இங்கே எந்த வரியும் நிஜமில்லை.

"ஆபீஸ்ல என்ன சொல்லுவ?"

"ஜுரம்னு சொல்லுவேன். ஃபுட் பாய்சனிங். ஒரு தடவை அத்தைக்கு உடம்பு சரியில்லைன்னேன்."

"தலைவலின்னு சொல்றதுக்கு என்ன?"

"ஆரம்பத்துல சொன்னேன்ம்மா. சாய் பீ லோ, ஒரு டீ குடின்னு சிரிச்சாங்க. தலைவலிக்கு யாராவது லீவு குடுப்பாங்களா? நீயே ஸ்கூல்ல எடுத்ததில்ல."

அப்போதுதான் புரிந்தது. மேனேஜரின் மேஜையில் இருப்பது லீவுகள் மட்டும் இல்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத காரணங்கள். வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் அது ஒரு பொய்க்காரியின் வரலாறு. எனக்கு இப்போது படம் இன்னும் அவசரமாக வேண்டியிருந்தது. படம் இருந்தால் அந்தப் பொய்களுக்கெல்லாம் ஒரே பதில் கிடைத்துவிடும்.

இரண்டாவது தேதி, ஆபீஸில் பேச்சு நடக்க இருந்ததற்குச் சில நாட்கள் முன்பாகக் கிடைத்தது. அந்த வாரம் அவள் யாரிடமும் சொல்லாமல், ஆபீஸ் முடிந்து தானே ஆசாரியிடம் போயிருக்கிறாள். மூக்குத்தியைக் கழற்றவைத்து, துளை மூடிக்கொள்ளாமல் இருக்க நம் பக்கத்தில் வைப்பார்களே, அந்த வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். பழுப்பு நிறத்தில் ஒரு சின்னத் துண்டு. ஸ்கேன் அறை ஊழியர் அதை வெகு நேரம் பார்த்தார்.

"இது என்ன?"

"மரம்" என்றாள் அவள் ஹிந்தியில்.

அவர் டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டரும் பார்த்தார். உலோகம் இல்லை, போகட்டும் என்றார். அவள் உள்ளே போனாள்.

சத்தத்தைச் சகிக்க முடியாத பெண்ணைச் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் போடும் மிஷினுக்குள் அனுப்பி, ஒன்றும் செய்யாமல், எதையும் குறிப்பாக நினைக்காமல், கண்ணைத் திறந்துகொண்டு சும்மா படுத்திரு என்கிறார்கள். காதுக்குள் பஞ்சு வைத்தார்கள் என்பது உண்மை. நான் வெளியே நடந்துகொண்டிருந்தேன். நடப்பதைப் பார்க்கப் பொறுக்காமலோ என்னவோ, அந்த இளம் டாக்டர் என்னை உட்காரவைத்தார்.

"ஆன்ட்டி, ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு மைக்ரேன் இல்லாத ஆட்களும் வேண்டும். ஐம்பது வயதுவரை எடுக்கிறோம். நீங்கள் வருகிறீர்களா?"

வருகிறேன் என்றேன். மகளின் படத்துக்குப் பக்கத்தில் என் படத்தையும் வைத்தால் வித்தியாசம் யாருக்கும் தெரியுமே என்பதுதான் என் எண்ணம். அவர் கேள்விகளைத் தொடங்கினார்.

"உங்களுக்குத் தலைவலி வருமா?"

"எல்லாருக்கும் வருகிற மாதிரிதான்."

"மாதத்தில் எத்தனை தடவை?"

"நாலைந்து இருக்கும்."

"வரும்போது என்ன செய்வீர்கள்?"

"நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சமைப்பேன்."

"வெளிச்சம்?"

"சமையலறை லைட்டை அணைத்துவிடுவேன். ஜன்னல் வெளிச்சம் போதும்."

"குமட்டல்?"

"ஒரு தடவை வாந்தி எடுத்துவிட்டால் சரியாகிவிடும். அது பித்தம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எவ்வளவு வருடமாக?"

"கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே. ஆனால் எனக்கு இருப்பது இந்த மாதிரி இல்லை. சாதாரணத் தலைவலி."

"ஆன்ட்டி" என்றார், மிகவும் மரியாதையாக, "உங்களை ஆரோக்கியமானவர்கள் பட்டியலில் சேர்க்க முடியாது."

நான் கோபப்பட்டேன் என்று சொன்னால் நம்பவேண்டும். ஏதோ தேர்வில் தோற்றுப்போனவள்போல் இருந்தது. எனக்கு ஒன்றுமில்லை, நான் ஒருநாள்கூட லீவு எடுத்ததில்லை என்று அவரிடம் வாதாடினேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நான் வாதாடியதை ஒரு வரி விடாமல் என் மகளும் எங்கள் வீட்டில் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறாள் என்பது வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் எனக்கே கேட்டது.

மகள் வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. நான் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"படம் எப்போது கிடைக்கும்?"

"எந்தப் படம்?"

"அந்த ஆரஞ்சு, நீலம். இவளுடையது."

டாக்டர் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

"தனி ஆளுக்குப் படம் கொடுப்பதில்லை ஆன்ட்டி. கொடுத்தாலும் அதற்கு அர்த்தம் இல்லை. இவளைப் போன்ற பலரையும் மற்றவர்கள் பலரையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஏதாவது வித்தியாசம் தெரியும். ஒரு தனி மூளையைப் பார்த்து இதற்கு வலிக்கிறது, இதற்கு வலிக்கவில்லை என்று எங்களால் சொல்ல முடியாது."

"அப்படியென்றால் இவளுக்கு மைக்ரேன் இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

"அவள் சொல்கிறாள். நாங்கள் கேட்கிறோம். அப்படித்தான்."

அவ்வளவு பெரிய மிஷினை வைத்துக்கொண்டு இதைச் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்சிக்கு நிற்கும்போது மகளிடம் கேட்டேன். "படம் தரமாட்டாங்கன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அந்தத் தாள்ல போட்டிருந்துச்சு."

"என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"நீ காலி பீலி, வீணா ஆசையா இருந்த. சொன்னா கூட்டிட்டு வந்திருக்கமாட்ட."

"படமும் இல்லன்னா எதுக்கு வந்த?"

"அந்த டாக்டர் மொத நாள் எங்க வலிக்குதுன்னு கேட்டாங்க. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் சும்மா இருந்தாங்கம்மா. நடுவுல ஒண்ணுமே சொல்லல. நீயும் அப்போ வெளிய போன் பேசிட்டு இருந்த." டாக்சி ஒன்று நிற்காமல் போனது. "அவங்ககிட்ட மட்டும்தான் நான் எல்லாத்தையும் கம்மி பண்ணாம சொன்னேன்."

கையில் ஒன்றுமில்லாமல் வீட்டுக்கு வந்தோம். நரம்பியல் டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். இவளுக்கு நாள்பட்ட மைக்ரேன், வேலை செய்ய முடியாத நாட்கள் இருக்கும் என்று நாலு வரி. நான் எப்போது கேட்டிருந்தாலும் அதைக் கொடுத்திருப்பாராம். நான் படம் கேட்டேன், படத்துக்கு அனுப்பினார். இதற்கு யாரை நோவது?

ஆபீஸில் பேசும் நாளன்று நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். ஸ்டேஷன்வரையாவது என்றேன். வேண்டாம் என்றாள். கடிதத்தை முதலிலேயே எடுத்து நீட்டிவிடு, நீ பேசாதே, உளறிவிடுவாய் என்றேன். அவள் செருப்பின் வாரை மாட்டிக்கொண்டே, "கடிதத்துல ஜுரம்னு சொன்ன நாளெல்லாம் இல்லம்மா. அதை நான்தான் சொல்லணும்" என்றாள்.

அன்றைக்குப் பள்ளியில் ஒரு பின்னக் கணக்கைக் கரும்பலகையில் தப்பாகப் போட்டேன். பிள்ளைகள் திருத்தினார்கள். போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அது அடிக்கவில்லை. அடிக்காததும் பயமாக இருந்தது.

மாலையில் வந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். எந்த ஜுரம் ஜுரமில்லை, எந்த ஃபுட் பாய்சனிங் தலைவலி என்று. அவர் கடிதத்தை வாங்கிப் படித்தாராம். பிறகு, "முதலிலேயே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டாராம். சொன்னேன், நீங்கள் டீ குடிக்கச் சொன்னீர்கள் என்றாளாம்.

"அப்படியேவா சொன்ன?"

"அப்படியேதான்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"புரொபேஷனை இன்னும் மூணு மாசம் நீட்டியிருக்காங்க. வாரத்துல ரெண்டு நாள் வீட்டுலேர்ந்து பண்ணலாம். மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பேசுவாங்க."

வேலை போகவில்லை. நிலைக்கவும் இல்லை. மூன்று மாதம் கழித்து மறுபடியும் அதே மேஜையில் உட்கார்ந்து அதே வலியை மறுபடியும் சொல்ல வேண்டும். எனக்கு ரத்தம் கொதித்தது. இதென்ன நியாயம், நான் அந்த ஆளிடம் பேசுகிறேன், நம்பரைக் கொடு என்று தொடங்கினேன்.

"அம்மா" என்றாள். "இப்போ வலிக்குது. பத்துக்கு எட்டு. கம்மி பண்ணாத எட்டு. நீ எதுவும் கொண்டுவரவேணாம். லைட்டை அணைச்சிட்டுப் போ."

லைட்டை அணைத்தேன். அவள் அறைக் கதவைச் சாத்திவிட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தேன். எட்டு என்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்க முயன்றேன். சுக்கு அரைக்க எழுந்திருக்க வேண்டும்போல் கை பரபரத்தது. எழுந்திருக்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து மதினியின் போன் வந்தது. வழக்கம்போல் நெஞ்சு ஒரு முறை நின்றது.

"புள்ளைக்கு எப்படி இருக்கு? வேலை என்னாச்சு?"

பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அது நாக்கின் நுனியில்தான் இருக்கிறது எப்போதும்.

"வேலை இருக்கு மதினி. இன்னும் மூணு மாசத்துக்கு இருக்கு. வலியும் இருக்கு. நிறைய வலிக்குதாம்."

மதினியின் குரல் தணிந்து வந்தது.

"காட்கோபர்ல ஒருத்தர் இருக்காராம்ளா. இலைச் சாறு விடுதாராம், காதுல."

"அவ காது மதினி" என்றேன். "நாளைக்கு அவகிட்டயே கேளுங்க. இன்னிக்கு வேண்டாம்."